குடியானவர் குடும்பமும் கல்லூரிச் செலவும்

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து, களத்து நெல் விலையாகிக் குடியானவர் கையில் பணம் புழங்குகின்றது. ஆனி, ஆடி மாதங்களில் அக்கை வற்றிவிடுகின்றது. காவிரிப் பாசனப் பிரதேசத்தில், ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணை திறக்கும் வழக்கத்தை ஒட்டி, குறுவை நாற்றுக்கும் உழவுக்கும் உரத்துக்கும் அப்பொழுது பணம் வேண்டும். மானாவாரிச் சீமைகளில் ஆடிப்பட்டத்து விதைக்கும் ஆளுக்கும் பணம் வேண்டும். கல்லூரிகள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கட்டணம் கேட்பதும் இதே ஆனி, ஆடியில்தான். வயலும் கல்லூரியும் ஒரே சமயத்தில் ஒரே பணப்பெட்டியைத் தேடி வருகின்றன. இந்தச் சங்கடத்தில் அகப்பட்டுக்கொண்ட தகப்பனார் கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க் கடனை எடுத்துக் கல்லூரியிற் கட்டுகிறார். அது போதாதபோது வீட்டு நகை அடகுக்குப் போகின்றது. அதுவும் போதாதபோது நஞ்செயில் ஒரு பகுதி கிரயமாகின்றது.

பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டுமா என்பது இக்காலத்தில் விவாதத்துக்குரிய விஷயமன்று; அனுப்பத்தான் வேண்டும். எவ்வாறு அனுப்புவது என்பதே யோசிக்கத் தக்கது. கல்லூரிப் படிப்பு ஒரு நீண்டகாலப் பயிர். தென்னந்தோப்பு வைக்க எண்ணுகிறவர், நெல்லுக்கு வாங்கும் ஓராண்டுக் கடனைக் கொண்டு தோப்பு வைப்பதில்லை. காய்ப்புக்கு வரும் வரையில் ஆகும் செலவைக் கணக்கிட்டு, அதற்குத் தகுந்த முதலைத் தேடிக்கொண்ட பிறகே குழி வெட்டுகிறார். தோப்புக்குக் காட்டும் இந்தச் சாமானிய விவேகத்தை மகன், மகள் படிப்புக்கும் காட்ட வேண்டும் என்பதே எமது அபிப்பிராயம். இதைச் செய்யாத குடும்பங்களில் மூத்த பிள்ளையின் படிப்பு இளைய பிள்ளைகளின் படிப்பை விழுங்கிவிடுவதையும், சிற்சில சமயம் நிலத்தையே விழுங்கிவிடுவதையும் கிராமந்தோறும் காணலாம்.

சென்னையின் தென்பாகத்துக் கலாசாலைகள்

ஜில்லாக்களிலிருந்து பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறவர்களின் கண் பெரும்பாலும் சென்னைப் பட்டணத்தின் மத்திய, தென்பாகங்களின் மேலேயே செல்லுகின்றது. காரணம் இல்லாமல் இல்லை. கடற்கரைச் சாலையில் 1840-ல் தோன்றிய ராஜதானிக் கல்லூரி இருக்கின்றது. அதே சாலையில், மயிலாப்பூரை அடுத்து, 1914-ல் ஆரம்பமான ராணி மேரி கல்லூரி இருக்கின்றது. மயிலாப்பூரிலேயே 1946-ல் விவேகானந்தா கல்லூரி ஏற்பட்டது. கிண்டியில் 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி எஞ்சினீயரிங் கல்லூரியாக வளர்ந்த பழைய ஸ்தாபனம் இருக்கின்றது. அடையாற்றை அடுத்து, மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் நிறுவப்பெற்ற ஐ.ஐ.டி. இருக்கின்றது. 1916-ல் சென்னைத் தொழிற்பள்ளியாக ஆரம்பமான மத்திய பாலிடெக்னிக் இப்பொழுது தரமணியில் நடைபெறுகின்றது. தியாகராய நகரில் விடுதிகளும், பரீட்சைப் பயிற்சி நிலையங்களும் நிறைந்திருக்கின்றன.

விவசாயக் கல்விக்கும் இப்பாகமே பிறப்பிடம். 1868-ல் சைதாப்பேட்டையில் ஏற்பட்ட விவசாயப் பள்ளியே 1906-ல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, கல்லூரியாக வளர்ந்து, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் இடையில் வீடுகள் நெருங்கி நிற்கும் சைதாப்பேட்டையில் ஒரு காலத்தில் ஏரும் விதையும் பரிசோதிக்கப்பட்டன.

கிராமத்திலிருந்து சென்னைக்குப் போய்ப் படித்ததனால் நாட்டுக்கே பலன் விளைந்த உதாரணங்களும் உண்டு. பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910-ல் விவசாயக் குடும்பத்திற் பிறந்த சி. சுப்பிரமணியம் அவர்கள் ராஜதானிக் கல்லூரியில் பௌதிக சாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு சட்டமும் படித்தார். அவரே 1964 முதல் 1967 வரையில் மத்திய சர்க்காரில் உணவு, விவசாய மந்திரியாக இருந்து, 1966-ல் மெக்ஸிகோ நாட்டிலிருந்து 18,000 டன் கோதுமை விதையைத் தருவிக்க முனைந்து நின்றவர். ஒரு குடியானவர் மகனின் கல்வி எவ்வளவு தூரம் செல்லக் கூடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சென்னையில் மாத்திரம் கிடைக்கும் படிப்புக்காகச் சென்னைக்கு அனுப்புவது வேறு. ஊருக்கு அருகிலேயே கிடைக்கும் படிப்புக்காகப் பட்டணத்துப் பெயரை நாடி அனுப்புவது வேறு. கும்பகோணம் கல்லூரி 1854-ல் தோன்றியது. வயதில் சென்னைச் சர்வகலாசாலைக்கே மூன்று ஆண்டு மூத்தது. திருச்சி, மதுரை, கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களிலும் கீர்த்தி வாய்ந்த கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்து பஸ்ஸில் சென்று படிக்கக் கூடிய பட்டத்தைச் சென்னையில் அறை எடுத்துப் படிப்பதற்கு, அக்கல்லூரியின் தனிச் சிறப்பு ஒன்றைக் காட்ட முடிந்தாலொழிய, நியாயம் இல்லை.

கட்டணத்தினும் இருப்பிடமே பெருஞ்செலவு

செலவு என்றவுடன் கல்லூரிக் கட்டணம் ஒன்றையே நினைக்கிறவர் அநேகர். கட்டணம், இருப்பிடமும் உணவும், புத்தகம், கணினி முதலிய சாதனங்கள், ஊருக்குப் போய்வரும் செலவு என நான்கு வகையாகப் பிரித்து எழுதினாற்றான் உண்மை விளங்கும். அரசினர் கலை விஞ்ஞானக் கல்லூரிகளில் பட்டப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. மற்றச் சில்லறைக் கட்டணங்களும் சொற்பமே. ஆனால் அங்கே சேர்ந்த பிள்ளை தனியார் விடுதியில் தங்குவானாயின், அறைக்கும் உணவுக்கும் மாதம் 8,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்குப் பத்து மாதத்தில் 80,000 ரூபாயும், மூன்றாண்டில் 2,40,000 ரூபாயும் ஆகின்றன. கட்டணமில்லாத படிப்பு என்று நினைத்தது இவ்வாறு இரண்டரை லட்சத்தை நெருங்குகின்றது.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் குடியிருக்கும் மாதச் சம்பளக் குடும்பத்தாருக்கு இந்தச் செலவு இல்லை. அவர்கள் பிள்ளை வீட்டுச் சாதத்தை உண்டு, பஸ்ஸிலோ பறக்கும் ரயிலிலோ கல்லூரிக்குப் போய் மாலையில் திரும்பிவிடுகின்றது. அவர்களுக்கு மாதாமாதம் வருமானம் வருவதால், மாதந்தோறும் ஒரு தொகையைக் கட்டும் சேமிப்புத் திட்டமும் பொருந்துகின்றது. அவசரத்துக்குச் சேமநல நிதியிலிருந்து முன்பணம் பெறவும் வழி உண்டு. இந்த முறையைக் குடியானவர் அப்படியே பின்பற்ற முயன்றால் நான்காம் மாதமே தவணை தவறும். குடியானவருடைய வருமானம் அறுவடைக்கு அறுவடை வருவது. ஆகவே அவருடைய சேமிப்பும் அறுவடைக்கு அறுவடை நிகழ வேண்டும். தையில் நெல் விற்ற அன்றே, அல்லது கரும்பாலைப் பணம் வந்த அன்றே, வரும் ஆடிக்குரிய கல்லூரிப் பணத்தைத் தனிக் கணக்கிற் போட்டுவிட வேண்டும். அது விதை நெல்லுக்குச் சமானம். விதை நெல்லைக் குத்தித் தின்னாத வீட்டில் இந்தப் பணத்தையும் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ எடுக்கலாகாது.

இருப்பிடச் செலவைக் குறைக்கப் பழைய வழிகளும் உண்டு. மயிலாப்பூரில் 1905-ல் ஆரம்பமான இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம், ஏழைப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பிக்கும் ஸ்தாபனம். விடுதியோடு கூடிய பள்ளியும் பாலிடெக்னிக்கும் அங்கே நடைபெறுகின்றன. சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா அவர்கள் பெயரால் அரசினர் கல்லூரி மாணவர் விடுதி விளங்குகின்றது. பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் முதலியோருக்கு அரசினர் விடுதிகள் பல இருக்கின்றன. கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு விடுதியைத் தேடுவதே பொது வழக்கம். கல்லூரிக்கு மனுப் போடும்போதே விடுதிக்கும் விசாரித்து மனுப் போடுகிறவர்க்குத்தான் இடம் அகப்படுகின்றது.

தொழிற்படிப்பின் கணக்கு

எஞ்சினீயரிங் படிப்பில், தனியார் கல்லூரிகளுக்குக் கட்டணக் குழுவினர் 2017-ல் வகுத்த வரம்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தர அங்கீகாரம் பெற்ற பாடத்துக்கு, அரசினர் ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 55,000 ரூபாயும், நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000 ரூபாயும் என வரையறுத்தனர். நான்கு ஆண்டுக்கு முறையே 2,20,000 ரூபாயும் 3,48,000 ரூபாயும் ஆகின்றன. வித்தியாசம் 1,28,000 ரூபாய். கற்பிக்கும் ஆசிரியரும் எழுதும் பரீட்சையும் ஒன்றே. இவ்வித்தியாசத்தோடு நில்லாமல், இரசீது இல்லாத நன்கொடையாகவும் பணம் கேட்கப்படுவதுண்டு. அவ்வாறு வாங்குவதைத் தடுத்துத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் ஏற்பட்டது. கொடுக்கிறவர் பெரும்பாலும் நிலம் விற்ற பணத்தைக் கொடுக்கிறார் என்பதும், பிறகு அதைத் திரும்பக் கேட்பதற்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இராது என்பதும் கவனிக்கத் தக்கன. இரசீது இல்லாத ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை என்று குடும்பத்தார் முன்னதாகவே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மிகப் பெரிய ஸ்தாபனம் என்றால் மிகப் பெரிய செலவு என்றும் பயப்பட வேண்டியதில்லை. ஐ.ஐ.டி.களில் 2016-ல் ஆண்டுக் கற்பிப்புக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தப்பட்டபொழுதே, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், அங்கவீனர் ஆகியோருக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் குறைந்தவர்க்கும் முழு விலக்கும், ஐந்து லட்சத்துக்குக் குறைந்தவர்க்கு மூன்றில் இரண்டு பங்கு விலக்கும் அளிக்கப்பட்டன. தொகையைக் கண்டு மனுவே போடாமல் நின்றுவிடுவது பெருந்தவறு.

பாலிடெக்னிக் வழியையும் இளப்பமாக எண்ணக் கூடாது. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமா படித்தவர், எஞ்சினீயரிங் பட்டப் படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டிற் சேரலாம். இடையில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துப் பிறகு படிக்கவும் ஏதுவாகும். பம்புசெட்டும் டிராக்டரும் அறுவடை யந்திரமும் பெருகிவிட்ட கிராமத்தில், டிப்ளமா படித்தவருக்குத் தொழில் இல்லாமற் போவதில்லை.

திட்டம் ஆறாம் வகுப்பில் தொடங்குகின்றது

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளிவந்த பிறகே கல்லூரியைப் பற்றிப் பேசத் தொடங்குவது பெரும்பாலார் வழக்கம். அதற்குள் பல வாசல்கள் அடைபட்டுவிடுகின்றன. அரசினர் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் படித்த பிள்ளைகளுக்கு, வைத்தியப் படிப்பில் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலும், எஞ்சினீயரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலும் நூற்றுக்கு ஏழரை விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன. இவ்வகையில் தொழிற்படிப்பில் சேருகிறவர்களின் கற்பிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்பதாக 2021-ல் அறிவிக்கப்பட்டது. அரசினர் பள்ளியிற் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண் பிள்ளைகளுக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பெற்றன.

இதன் தாத்பரியம் என்ன? பத்தாம் வகுப்பு வரையில் ஊர்ப் பள்ளியிற் படித்த பிள்ளையை, நல்ல மார்க்கு வாங்கும் என்ற ஆசையால், பதினோராம் வகுப்பில் பெருந்தொகை கட்டித் தனியார் விடுதிப் பள்ளியிற் சேர்க்கிறவர், அந்த ஒரே செய்கையால் இரண்டு வகையில் நஷ்டமடைகிறார். கட்டிய தொகை ஒரு நஷ்டம். இழந்த ஒதுக்கீடும் உதவியும் மற்றொரு நஷ்டம். பள்ளி மாற்றுவது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இவ்விரண்டையும் எழுதிப் பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.

குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லாத வீட்டுப் பிள்ளை ஒற்றைச் சாளர முறையில் தொழிற்படிப்பிற் சேரும்போது, முதற் பட்டதாரி என்ற முறையில் கற்பிப்புக் கட்டணச் சலுகை 2010-11 முதல் ஏற்பட்டது. இச்சலுகை வீட்டில் ஒருவர்க்கே உரியது. மூத்தவன் பெற்றுவிட்டாலும், அல்லது முன்னமே வேறொரு பட்டம் பெற்றிருந்தாலும், இளையவளுக்கு இல்லை. ஆகவே இளையவளுடைய கணக்கில் முழுக் கட்டணத்தையும் எழுதிவைக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளின் கணக்கையும் ஒரே தாளில் எழுதினாற்றான் இத்தகைய உண்மைகள் கண்ணுக்குப் புலப்படும்.

எந்தக் கடன் தகும்?

பயிர்க் கடன் ஓராண்டுக்குள் திருப்ப வேண்டிய கடன். உரிய காலத்திற் கட்டினால் வட்டிச் சலுகையும் உண்டு. படிப்போ, நான்கு ஐந்து ஆண்டுக்குப் பின்னரே வருமானம் தருவது. ஓராண்டுக் கடனை ஐந்தாண்டுச் செலவில் முடக்கினால், தவணை தவறி, வட்டிச் சலுகையும் போய், மறுவருஷத்துக் கடனும் கிடையாமல், வயல் தரிசு கிடக்க நேரும். இதைக் காட்டிலும் வங்கியின் கல்விக் கடனே தக்கது. படிக்கும் காலத்திலும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. பிறகு பதினைந்து ஆண்டு வரையிற் கட்டலாம். நான்கு லட்சம் ரூபாய் வரையில் நிலத்தையோ வேறு சொத்தையோ ஈடாகக் கேட்கக் கூடாது என்பது விதி. ஆகையால் அத்தொகைக்குள் கடன் வாங்குகிறவர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. குறிப்பிட்ட உயர்தர ஸ்தாபனங்களில் சேருகிறவர்களுக்கு ஈடில்லாமற் கடன் தரும் பி.எம். வித்யாலக்ஷ்மி என்னும் ஏற்பாட்டுக்கு 2024 நவம்பரில் மத்திய மந்திரி சபை இசைவளித்தது.

ஆனால் கல்விக் கடனும் இனாம் அன்று. தவணை கட்டாத காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். நூற்றுக்குப் பத்து தனிவட்டி என்று வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு லட்சம் வாங்கினால், முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000, ஆக 1,40,000 ரூபாய் ஏறிவிடும். தவணை தொடங்கும் அன்று கடன் 5,40,000 ரூபாயாக நிற்கும். இவ்வட்டியைப் படிக்கும்போதே கட்டிவந்தால் முதலாண்டில் மாதம் 833 ரூபாய் வீதமே ஆகும். பால் பணத்திலிருந்துகூடக் கட்டிவிடலாம். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, தொழிற்படிப்பில், இந்த இடைக்கால வட்டியை மத்திய சர்க்கார் ஏற்கும் ஏற்பாடும் 2009 முதல் இருந்துவருகின்றது. அதற்கு உரிய வருமானச் சான்றை வங்கியிற் கொடுக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 1989 முதல் ஒரு முறை வழங்குகின்றது. அங்கே மாணவர் தம் வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பின்னரே, வரியோடு சேர்த்துக் கல்விக் கடனைக் கட்டுகிறார். வேலையில்லையேல் தவணை இல்லை. நமது நாட்டில் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை தொடங்கிவிடும். தகப்பனாரும் கூட்டுக் கடன்காரராகக் கையொப்பம் இட்டிருப்பார். ஆகவே படித்து முடித்தவர் சாதாரணமாகப் பெறக்கூடிய சம்பளத்தில் எத்தனை பங்கு தவணைக்குப் போகும் என்பதைத் தந்தையும் பிள்ளையும் சேர்ந்து கணக்கிட்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். அந்தக் கல்லூரியில் சென்ற மூன்று ஆண்டுகளில் தேறியவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர் என்று, ஏற்கெனவே அங்குப் படிக்கும் மாணவரிடமே விசாரிப்பது நலம்.

பெண்ணின் பங்கு

நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதுவே. மூத்த மகனுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்க நிலம் விற்றாயிற்று. மகளுக்கு உள்ளூரிலேயே எதிலாவது சேர்த்தாற் போதும், அல்லது கல்யாணம் செய்துவிட்டாற் போதும் என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தாலும், நாடு முழுவதிலும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும், ஹிந்துக் கூட்டுக் குடும்பத்துப் பிதிரார்ஜித சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பாத்தியதை ஏற்பட்டிருக்கின்றது. மகன் படிப்புக்காகப் பிதிரார்ஜித நிலத்தை விற்கிறவர் மகளின் பங்கையும் சேர்த்தே விற்கிறார். மகன் படித்துச் சம்பாதித்து அதைத் தங்கைக்குத் திருப்பிக் கொடுப்பான் என்று எங்கும் எழுதிவைப்பதில்லை.

பெண்ணின் படிப்பு வீண் என்ற எண்ணத்தைச் சென்னையின் இதே தென்பாகம் நூறாண்டுக்கு முன்னரே பொய்யாக்கிவிட்டது. மயிலாப்பூரில் 1886-ல் பிறந்து, பாலியத்திலேயே விதவையான சகோதரி சுப்புலட்சுமி அவர்களை, ஊர்ப் பழிக்கு அஞ்சாமல் அவருடைய குடும்பத்தார் படிக்கவைத்தனர். அவர் 1911-ல் ராஜதானிக் கல்லூரியில் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற இளம் விதவைகள் பலர் தங்கிப் படிக்க வழி செய்தார். 1914-ல் சென்னையின் முதற் பெண்கள் கல்லூரி, பிற்காலத்தில் ராணி மேரி பெயர் பெற்றது, 37 மாணவிகளோடு தொடங்கிற்று. அந்த 37 வீட்டாரும் அக்காலத்தில் துணிந்து அனுப்பியிராவிட்டால், இன்று நமது பெண்களுக்கு அங்கு வாசல் திறந்திராது.

பெண் குழந்தை பிறந்த வீட்டார், அது பத்து வயதை எட்டும் முன்னரே, தபாலாபீஸிலோ வங்கியிலோ செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். 2015-ல் ஏற்பட்ட இத்திட்டத்தில் ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரையில், வசதிப்பட்ட மாதத்தில், வசதிப்பட்ட தொகையைக் கட்டலாம். மாதத் தவணை இல்லாமையால் அறுவடை வருமானக்காரருக்கு இது மிகவும் ஏற்றது. பெண் பதினெட்டு வயதடைந்தாலோ பத்தாம் வகுப்புத் தேறினாலோ, படிப்புக்காகப் பாதித் தொகை வரையில் எடுக்கவும் இடம் உண்டு.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

சாதி, வருமானம், இருப்பிடம், முதற் பட்டதாரி என்னும் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட்டாலும், முதலில் விசாரித்து எழுத வேண்டியவர் கிராம நிர்வாக அலுவலரே. அவருடைய அறிக்கை வருவாய் ஆய்வாளருக்கும் தாசில்தார் அலுவலகத்துக்கும் செல்லுகின்றது. பரீட்சை முடிவு வந்த பிறகு ஊரார் அனைவரும் ஒரே வாரத்தில் மனுப் போடுவதால் தாமதம் நேருகின்றது. ஒரு வாரத் தாமதத்தால் ஒரு பிள்ளை சலுகையையோ இடத்தையோ இழக்கக்கூடும். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் ஜாபிதாவைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமிருந்து தையிலேயே பெற்று, பங்குனி, சித்திரைக்குள் மனுக்களைப் போடச் சொல்லித் தண்டோரா மூலமோ கிராமசபையிலோ அறிவித்தால், ஆனியில் ஒருவரும் அலைய வேண்டியிராது.

மத்திய ஸ்தாபனங்களுக்கு வேண்டிய பிற்படுத்தப்பட்டோர் சான்று வேறு படிவத்தில் அமைந்தது; ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் வாங்கியதையே ஐ.ஐ.டி. முதலியவை கேட்கின்றன. அச்சான்றுக்குரிய எட்டு லட்ச வருமான வரம்பைக் கணக்கிடுகையில் விவசாய நில வருமானத்தைச் சேர்ப்பதில்லை. ஆனால் பாசன நிலம் உச்சவரம்பில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கோ அதற்கு மேலோ இருப்பின் சான்று கிடையாது. நிலம் இருக்கின்றது என்ற ஒரே காரணத்தால் தகுதியுள்ளவரைத் திருப்பி அனுப்புவதும், தகுதியற்றவருக்கு எழுதிக் கொடுப்பதும் ஆகிய இரண்டும் தவறே.

மிராசுதார்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து ஏக்கர் பாசன நிலமும் அரிசி ஆலையும் உடையவர், உபகாரச் சம்பளத்துக்காக, சொற்ப வருமானம் என்று சான்று கேட்பது நியாயமன்று. அவர் வயலில் நாற்று நடும் கூலியாள் வீட்டுப் பிள்ளையும் அதே ஜாபிதாவில் காத்திருக்கின்றது. ஒதுக்கிய தொகை அளவுள்ளது; அதில் ஒருவர் பொய்யாகப் பெறுவது மற்றொருவர் பங்கிலிருந்தே வருகின்றது.

செய்ய வேண்டியவை

வரும் தையில், நெல் விலையான வாரத்தில், கணவனும் மனைவியும், ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து ஒரு தாள் எழுதட்டும். ஒவ்வொரு பிள்ளையும் எந்த ஆண்டில் கல்லூரிக்குப் போகும், என்ன படிப்பு, எந்த ஊர், நான்கு வகைச் செலவும் எவ்வளவு, எந்தச் சலுகைக்குத் தகுதி, மிச்சம் எங்கிருந்து வரும் என்பன அதில் இருக்கட்டும். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்வது அவசியம். செலவின் அளவை அறிந்த பிள்ளை பொறுப்போடு படிக்கும். தனக்கு எஞ்சினீயரிங்கில் நாட்டமில்லை என்று சொல்லவும் அதற்கு அப்பொழுதே வாய் திறக்கும். இரண்டாம் ஆண்டில் சொல்வதினும் அது மேல்.

தாளில் கணக்கு நேராகாத வீடும் இருக்கலாம். அங்கே படிப்பை மாற்றலாம், ஊரை மாற்றலாம், டிப்ளமா வழியை எடுக்கலாம், அளவான கல்விக் கடனை வாங்கலாம். இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் நிலத்தை விற்றே தீர வேண்டும் என்று தோன்றினால், அந்நிலத்தில் பங்குள்ள எல்லாப் பிள்ளைகளையும் கேட்டுக்கொண்டு செய்க. நிலம் ஒரு தலைமுறையார் வாங்கியதாயினும், பின்வரும் எல்லாருக்கும் சோறு போடுவது. கல்வியும் அத்தகையதே. ஒன்றை அழித்து ஒன்றைத் தேடாமல், இரண்டையும் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதற்கு வழி இருக்கின்றது. அதற்கு வேண்டிய முதல் வேலை, ஆடிக்குரிய பணத்தைத் தையில் எடுத்து வைப்பதுதான்.